சங்கு ஊதினால் முதல் மணி

லியோனா பிங்கம் என் சமையலறைக் கதவைத் தட்டியபோது அவள் கையில் என் பீன்ஸ் பானை இருந்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவள் புருஷன் ஹார்லன் செத்தபோது துக்க வீட்டுக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்த பானை. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு பாத்திரத்தில் எதையாவது சமைத்துக்கொண்டுபோய் வைப்பார்கள். பாத்திரத்தின் அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். பனி உருகுவதற்குள் அது கழுவித் திரும்பி வந்துவிட வேண்டும். லியோனா ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை. அத்தனையையும் தேய்த்துத் துடைத்து மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டு, அந்த அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று தபால்காரர் சொன்னார். அதனால் பாதி ஊர் இரவல் சட்டியில் சமைத்தது. நான் என் கம்பளித் தொப்பியில் பீன்ஸ் வேகவைத்தேன். ருசியில் குறை சொல்ல முடியாது. காதுதான் கொஞ்சம் குளிர்ந்தது.

"உங்க பானை, ஓரின்," என்றாள்.

"என்ன அவசரம்? இன்னும் ஒரு பத்து வருஷம் வச்சிருந்து குடுக்கலாமே."

அவள் சிரிக்கவில்லை. ஹார்லன் இருந்த காலத்தில் இந்த மாதிரிப் பேச்சுக்கு என் முதுகில் துடைப்பக்கட்டையால் ஒரு அடி விழும். இப்போது முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட டைப்ரைட்டர் இருக்கு. எனக்கு ஒரு ரெஸ்யூமே எழுதணும். வெர்னா வேலைக்கு."

வெர்னா திபோடோ எங்கள் ஊர் டெலிபோன் ஆபரேட்டர். அவள் வீட்டு முன்னறைதான் டெலிபோன் ஆபீஸ். முழங்கால் இரண்டும் கெட்டுப்போய், இனி முடியாது என்று சொல்லிவிட்டாள். முந்தைய முதலாளியாக இருந்தால் தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார். போன கோடையில் கம்பெனியைப் பாங்கர் நகரத்துக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். அவர்களுக்கு எல்லாம் காகிதத்தில் வேண்டும். ரெஸ்யூமே அனுப்பு என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் அதற்கு முன் யாரும் அப்படி ஒன்றை எழுதியது கிடையாது. மில்லில் வேலை கேட்கப் போகிறவன் யார் மகன் என்று சொல்வான், அவ்வளவுதான். ஆகவே லியோனா என்னிடம் வந்தாள். மாவட்டப் பத்திரிகையில் நான் வாராவாரம் மீன்பிடி நிலவரம் எழுதிவந்தேன். ஒருமுறை என் தூண்டிலில் மாட்டிய மீன் விடாமல் இழுத்ததில் ஏரி பதினோரு அடி தெற்கே நகர்ந்து, சர்வேயர் வந்து கல்லை மாற்றி நட்டுவிட்டுப் போனதை நீங்கள் படித்திருக்கக்கூடும்.

லியோனா ஏன் அந்த வேலையைக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் தீயணைப்பு நிலையத்துக் கூரையில் ஒரு சங்கு இருக்கிறது. அது ஊதினால் ஆண்கள் வண்டிக்கு ஓடுவார்கள், மற்றவர்கள் டெலிபோனுக்கு ஓடுவார்கள். கைப்பிடியைச் சுற்றி, "வெர்னா, எங்கே தீ?" என்று கேட்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எங்கே என்று தெரிந்தால்தானே வேடிக்கை பார்க்கப் போகலாம். வெர்னாவின் இணைப்புப் பலகையில் கம்பிக்குக் கம்பி ஒரு சின்னப் பித்தளை மூடி உண்டு. யாராவது கூப்பிட்டால் அந்தக் கம்பியின் மூடி டக்கென்று விழும். சங்கு ஊதிய அடுத்த நிமிஷம் பலகை முழுக்க மூடிகள் தொங்கும். விழுந்த வரிசைப்படி பதில் சொல்ல வேண்டும் என்பது கம்பெனி விதி.

மில் பற்றி எரிந்த அன்று மேஸ்திரி முதலில் வெர்னாவைக் கூப்பிட்டார். ஹார்லன்மேல் உத்தரம் விழுந்துவிட்டது, லியோனாவை வரச்சொல் என்றார். வெர்னா மணியடிக்கக் கையை நீட்டுவதற்குள் சங்கு ஊதிவிட்டது. மூடிகள் எல்லாம் விழுந்தன. அவள் விதிப்படி வரிசையாக "மில்லுல, மில்லுல, மில்லுல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த வரிசையில் லியோனாவும் நின்றாள். அவள் முறை வந்தபோது, "வெர்னா, எங்கே தீ? சீக்கிரம் சொல்லு, அடுப்புல கேக் இருக்கு," என்றாள். அவள் மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஹார்லனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பாங்கர் சாலையில் பாதி வழியில் முடிந்துவிட்டது. பாதி வழி வரைக்கும் பேசிக்கொண்டுதான் வந்தான் என்று கூடப் போனவன் சொன்னான்.

நான் காகிதத்தைச் செருகினேன். பெயர், விலாசம் அடித்தேன். அடுத்து முன் அனுபவம்.

"இல்ல," என்றாள் லியோனா.

இல்லை என்று அடிக்க எனக்கு விரல் வரவில்லை. 'பெரும் பனிப்புயலில் அறுந்த கம்பியின் இரு முனைகளையும் பல்லால் கடித்துப் பிடித்து, கவர்னரின் பேச்சை ஒரு சொல் சிந்தாமல் அடுத்த ஊருக்குக் கடத்தியவர்' என்று அடித்தேன். லியோனா எட்டிப் படித்தாள். அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். விரலை எடுக்கவே இல்லை. நான் அந்த வரி முழுக்க எக்ஸ் அடித்தேன். 'ஊர்க் கூட்டத்தில் புகுந்த மூஸ் மானைக் குரலாலேயே சமாதானப்படுத்தி வரிசையில் நிற்கவைத்தவர்.' மறுபடி விரல் வந்தது.

"கொஞ்சம் புளுகினாத்தான் ரெஸ்யூமே, லியோனா. பாங்கர்ல எல்லாரும் அப்படித்தானாம்."

"மூஸ் வந்திருந்தா ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

"சரி. கடைசி ரெண்டு வருஷம் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்கன்னு கேப்பாங்க. என்ன போடட்டும்?"

"உக்காந்திருந்தேன்."

"எங்கே?"

"டெலிபோன் பக்கத்துல."

"யாரு கூப்பிட்டாங்க?"

"யாரும் கூப்பிடல. சங்கு ஊதினா கை தானா கைப்பிடிக்குப் போகும். தொடைக்கு அடியில வச்சு உக்காந்துக்குவேன்."

மழை பெய்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். நான் சன்னலைப் பார்த்தேன். கூரை விளிம்பில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. 'இரண்டு ஆண்டுகள் டெலிபோன் அருகில் இருந்தார்' என்று அடித்துவிட்டு, விரல் வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை.

"கடைசியா ஒண்ணு. இந்த வேலை உனக்கு எதுக்குன்னு ஒரு வரி எழுதணும். 'பொதுச்சேவையில் தீராத ஆர்வம்'னு போட்டுடவா?"

அவள் வெகுநேரம் பானையின் அடியிலிருந்த பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். என் பெயரில் பாதி உரிந்து வந்துவிட்டது.

"சங்கு ஊதினா, யாரு கேட்டாலும் பதில் சொல்லமாட்டேன். எந்த வீடோ, அந்த வீட்டுக்கு முதல்ல மணி அடிப்பேன்."

"அது கம்பெனி விதிக்கு விரோதமாச்சே, பொண்ணே. இதைப் போட்டா வேலை கிடைக்காது."

"போடுங்க."

போட்டேன். எழுத்துப் பிழைகூட இல்லாமல் என் வாழ்க்கையில் நான் அடித்த ஒரே பக்கம் அதுதான். எக்ஸ் அடித்த இரண்டு வரி மட்டும் கறுப்பாக இருந்தது. வேறு காகிதத்தில் அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து வெர்னா தடியை ஊன்றிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"ஏ புளுகுமூட்டை! என்னத்தைடா எழுதிக் குடுத்தே? பாங்கர்லேருந்து ஒரு டை கட்டின ஆளு வந்து என் சோபாவுல உக்காந்து அதை மூணு தடவை படிச்சான்."

"எக்ஸ் அடிச்சதையுமா?"

"வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் படிச்சான். நல்லா சிரிச்சான். அப்புறம் கடைசி வரிக்கு வந்தான். சிரிப்பு நின்னுபோச்சு. எதிர்ல இருந்த லியோனாகிட்ட, 'வரிசைப்படிதான் பதில் சொல்லணும், மேடம், மாத்திக்குவீங்களா?'ன்னான். 'மாட்டேன்'னா. 'அப்ப வேலை குடுக்கிறது கஷ்டம்'னான். 'சரி'ன்னா. எழுந்திருக்கவே இல்ல. அவனும் உக்காந்திருக்கான், இவளும் உக்காந்திருக்கா. என் காபி ஆறிப்போச்சு."

"அப்புறம்?"

"வேற யாரும் மனு போடலியே. பனி உருகுற இந்தச் சேறு மாசம் முடியுற வரைக்கும் பாப்போம்னு சொல்லிட்டுப் போயிட்டான். இருட்டுறதுக்குள்ள ஊர் போய்ச் சேரணும்னு பயம் அவனுக்கு." வெர்னா தடியை மாற்றிப் பிடித்தாள். "நான் அன்னிக்கு வரிசையை விட்டிருக்கணும், ஓரின்."

முழங்காலுக்குக் கரடிக்கொழுப்பு தடவு என்றேன். போடா என்றாள்.

லியோனா பலகைக்கு முன் உட்கார ஆரம்பித்தாள். பேசும்போது குரலில் ஏற்றமும் கிடையாது இறக்கமும் கிடையாது. யார் கூப்பிட்டாலும் 'நம்பர்' என்பாள். சொன்னால் இணைப்பாள். வெர்னாவிடம் கேட்கிற மாதிரி, யாருக்குப் பிரசவம், எந்தக் கடையில் உருளைக்கிழங்கு மலிவு என்றெல்லாம் கேட்டால் 'தெரியாது' என்பாள். ஊர் கொஞ்சம் முறுமுறுத்தது. ஆனால் அந்த மாதத்தில் வீடு வீடாகப் பாத்திரங்கள் திரும்பி வந்தன. காலையில் கதவைத் திறந்தால் படிக்கட்டில் சட்டி இருக்கும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு பகல் நேரம். நான் மெர்ல் காபின் கடையில் தூண்டில் முள் வாங்கப் போயிருந்தேன். மெர்ல் ஆணிகளைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தான். அவன் மகன் டுவைட்டுக்குப் புது மில்லில் வேலை. கிளாடிஸ் லண்ட் கல்லாப்பெட்டி அருகே சர்க்கரை தூவிய டோநட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மில்லிலிருந்து புருஷன் எந்நேரமும் சேற்றுப் பூட்ஸோடு வீட்டுக்குள் வருகிறான் என்று அலுத்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் சேற்றில் என் குதிரை காணாமற்போய்ச் சீனாவிலிருந்து கடிதம் போட்டதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சங்கு ஊதியது.

மெர்ல் தராசை அப்படியே விட்டுவிட்டுச் சுவர் டெலிபோனுக்குப் போய்க் கைப்பிடியைச் சுற்றினான். காதில் வைத்துக் கேட்டான். மறுபடி சுற்றினான்.

"பதிலே இல்ல," என்றான். "பொம்பளை இருக்காளா தூங்கிட்டாளா?"

"நல்லாச் சுத்துங்க, மெர்ல்," என்றாள் கிளாடிஸ்.

"சுத்திக்கிட்டுத்தானே இருக்கேன்."

சுற்றினான். பிறகு அவன் கை மெதுவாக நின்றது. கிளாடிஸ் என்னைப் பார்த்தாள். நான் அந்தக் காகிதத்தை அடித்த கதையை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்க வைத்திருந்தேன். கடைசி வரி எல்லோருக்கும் மனப்பாடம். மெர்ல் ரிசீவரைக் கொக்கியில் மாட்டினான், கண்ணாடிப் பாத்திரத்தை வைக்கிற மாதிரி.

கடை இருக்கிற அந்தச் சாலையில் நாலு வீட்டுக்கும் ஒரே கம்பி. எந்த வீட்டுக்கு அடித்தாலும் நாலு இடத்திலும் கேட்கும். முதலில் நீளமாக ஒன்று, பிறகு குட்டையாக. ஒரு குட்டை என்றால் கடைக்கு, இரண்டு என்றால் லண்ட் வீட்டுக்கு, மூன்றும் நாலும் மேட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு. யாருக்கு அடித்தாலும் எல்லோரும் எடுத்து ஒட்டுக்கேட்பதுதான் எங்கள் வழக்கம்.

வெளியே தீயணைப்பு வண்டி சேற்றை வாரி இறைத்துக்கொண்டு மில் பக்கம் திரும்பியது. சங்கு இறங்கி ஓய்ந்தது. கடையில் அடுப்புச் சத்தம் மட்டும் இருந்தது.

டெலிபோன் அடித்தது. நீளமாக ஒன்று.

யாரும் அசையவில்லை. கிளாடிஸின் கையிலிருந்த டோநட்டிலிருந்து சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது. குட்டை மணி ஒன்று அடித்தது. நாங்கள் மூன்று பேரும் அடுத்தது வருமா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.