லோஜினியின் சீட்

நிரோஷன் நாலரைக்கு எழுந்தான். பல் விளக்கினான். முகம் மழித்தான். பிளேன்டீயை நின்றபடியே குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

நோர்வூட்டில் வேன் தயாராக நின்றது. பெந்தோட்டைக் கடற்கரைக்கு ஒருநாள் பயணம், ஒன்பது பேர். அவன் மனைவி லோஜினிதான் இரண்டு மாதத்துக்கு முன்பே தனக்கும் அவனுக்கும் சீட் சொல்லிவைத்தவள். அவள் காய்ச்சலில் செத்து நாற்பது நாளாகிறது. பெயர்களை அவன் வெட்டச் சொல்லவில்லை.

அவளுடைய சீட்டில் அவளுடைய அம்மா ராசம்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பாக்குறீங்க மாப்பிள்ள? எம் மக சீட்டு. வேற எவளயாச்சும் ஏத்திருவீங்கன்னு நானே வந்துட்டேன்."

டிரைவர் ஜீவராஜ் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தான்.

"வண்டிக்குக்கூட காபந்து பண்றாங்க," என்றாள் ராசம்மா, வேன் முழுக்கக் கேட்க. "எம் புள்ளைக்கு மூணு நாள் காய்ச்சல். பெத்தவளுக்கு ஒரு போன் கெடையாது."

கினிகத்தேனை தாண்டியதும் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள். நிரோஷனின் மூக்குக்கு முன்னால் கையை நீட்டி, அவனைத் தாண்டி எல்லோருக்கும் கொடுத்தாள்.

"படிச்ச வாத்தியாருக்கு நம்ம ரொட்டி எறங்காது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நிரோஷன் ஜன்னலைப் பார்த்தான். தேயிலை முடிந்து ரப்பர் வந்தது. ரப்பர் முடிந்து தென்னை வந்தது. செத்த வீட்டில் ராசம்மா அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டபோது, லோஜினி கடைசியாக 'அம்மா' என்றாள் என்று ஒரு பொய் சொல்லியிருந்தான். அதைக் காப்பாற்றத்தான் நாற்பது நாளும் வாயைத் திறக்காமல் ஏச்சு வாங்கினான்.

கடல் நன்றாகத்தான் இருந்தது. மற்றவர்கள் படம் எடுத்தார்கள். ராசம்மா கூட வந்த பெண்களைக் கூட்டிவைத்துச் சொன்னாள்.

"அம்மா, அம்மான்னு கூப்புட்டுத்தான் செத்துச்சு. காதுல வாங்கிட்டும் எனக்குச் சொல்லல இந்த ஆளு. கொன்னுட்டு, கடல் பாக்க வந்துருக்காரு."

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நிரோஷன் நிமிர்ந்தான்.

"அவ அம்மான்னு கூப்பிடல, அத்த. உங்களுக்குப் பேசத்தான் போனைக் கையில எடுத்தேன். அவதான் தடுத்தா."

"பொய்."

"ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வர முந்தி சொன்னா. அதுக்கப்புறம் அவ பேசல."

"என்னன்னு சொன்னா? இந்தக் கடல் சாட்சியா சொல்லுங்க பாப்போம்."

பெண்கள் அவனையே பார்த்தார்கள். அவன் குரலை உயர்த்தவில்லை. லோஜினி சொன்னபடியே சொன்னான்.

"அம்மாவுக்குச் சொல்லாதீங்க. வந்தா உங்களத்தான் ஏசும். இன்னைக்கு ஒருநாளாச்சும் வீடு சத்தமில்லாம இருக்கட்டும்."