ஏழாம் முளை

பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மழைக்குப் பிறகு, தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்குப் பின்னால் நிலம் ஓர் ஆள் ஆழத்துக்கு உள்வாங்கியது. காரணம் பார்க்க ஜெயமலர் மிஸ் ஒரு மெஷினோடு வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, பல்கலைக்கழகத்தில் கல்லையும் மண்ணையும் பற்றிப் படிப்பிக்கிறவள். அவளுக்குப் பாதை வெட்டிக்கொடுக்க ராக்காயியையும் வேலாயியையும் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து அனுப்பிவைத்தார்.

மெஷின் என்றால் ஒரு தட்டையான பெட்டிதான். கயிறு கட்டித் தரையோடு இழுத்தால், மண்ணுக்குள் அலையை அனுப்பி, திரும்பி வருவதைத் திரையில் கோடுகளாகப் போட்டது.

"எங்க வீட்டுக்காரரு வயித்து மேலயும் ஒருக்கா இழுங்க மிஸ்," என்றாள் வேலாயி. "எத்தன போத்தல் கெடக்குன்னு பாத்துருவோம்."

"தண்ணி கூடின இடத்தில இது ஒண்டும் காட்டாது அக்கா," என்றாள் ஜெயமலர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பிறகு ராக்காயியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். "இந்தப் பளிச்செண்ட கோடுதான் சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்திக் கடலுக்கடியில படிஞ்சது, பிறகு வெந்து இறுகிப்போச்சு. மழைத்தண்ணி அதை அரிச்சால் உள்ளுக்குப் பொந்து விழும். ஆராவது முந்தித் தோண்டின இடமும் தெரியும். கோடு அறுந்து கிடக்கும்."

மத்தியானத்துக்குள் ராக்காயி தானாகவே கோட்டைப் பார்த்துக் கல் எங்கே மேலே வருகிறது, எங்கே இறங்குகிறது என்று சொல்லத் தொடங்கியிருந்தாள்.

துளை போட்டுப் பார்க்க வேண்டிய இடங்களில் முளை அடித்துக்கொண்டே போனார்கள். ஏழாவது முளை பழைய புதைகாட்டில் விழுந்தது. அங்கே தேயிலை போட்டுப் பத்து வருசமாகிறது. ஜெயமலர் கை காட்டிய செடியைப் பார்த்ததும் ராக்காயி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அதுல வேணாம் மிஸ். எம் புள்ள இருக்கு."

தொண்ணூற்றோராம் ஆண்டு, ஏழு மாதப் பெண் குழந்தை, மூன்று நாள் காய்ச்சல். புதைகாட்டுக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை. அவள் புருஷன் பொன்னையாதான் மற்ற ஆண்களோடு தூக்கிக்கொண்டு போனான். கருப்பந்தேயிலை என்கிற தைலமரத்துக்கு மேல்பக்கம் என்று வந்து சொன்னான். மரத்தை வெட்டிய பிறகும் அடிக்கட்டையை வைத்து அவள் இடத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டாள். கொழுந்தெடுத்து அந்தச் செடிக்கு வரும்போதெல்லாம் மனதுக்குள் ஏதாவது சொல்வாள். இன்றைக்குக் குளிர், உன் அண்ணன் பாஸாகிவிட்டான், இப்படி. அழுகை எப்போதோ நின்றுவிட்டது. பேச்சுத்தான் நிற்கவில்லை. அடுத்த அறையில் இருப்பவளோடு பேசுவது போல அது பழகிப்போயிருந்தது.

ஜெயமலர் பெட்டியின் கயிற்றை எடுத்து வேலாயியிடம் கொடுத்தாள். "முதல்ல இழுத்துப் பார்ப்பம் அக்கா. தோண்டின அடையாளம் இருந்தால் முளையை மாத்துவம்."

வேலாயி கயிற்றை மெதுவாக இழுத்தாள். ராக்காயி திரையைப் பார்த்தாள். ஒரு முழ ஆழத்திலேயே வெள்ளைக்கோடு வந்துவிட்டது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போனது. ஓர் இடத்திலும் அறுந்திருக்கவில்லை.

"பத்தடி தள்ளி அடிப்பம்," என்றாள் ஜெயமலர் அவசரமாக.

அந்த அவசரத்தில் இருந்த இரக்கம்தான் ராக்காயிக்கு எல்லாவற்றையும் சொன்னது.

"இதுல மம்பட்டி எறங்காதுல்ல மிஸ்?"

ஜெயமலர் திரையை அணைத்தாள்.

"அங்கயே அடிங்க," என்றாள் ராக்காயி.

வேலை முடிந்து வந்தபோது பொன்னையா லயத்துப் பைப்பில் கால் கழுவிக்கொண்டிருந்தான். அவள் குரலை உயர்த்தவில்லை.

"புள்ளய எங்க வச்சீங்க?"

அவன் நிமிரவில்லை. தண்ணீர் காலில் விழுந்துகொண்டே இருந்தது.

"மரத்துகிட்டதான் தோண்டுனோம். நாலு எடத்துல. எல்லாம் கல்லு. மழையும் புடிச்சிருச்சு. ஆத்தோரம் மண்ணு மெதுவா இருந்துச்சு."

"ஆத்தோரமா."

"மறு வருசமே வெள்ளம் வந்துச்சுல்ல."

ஆற்றோரத்து மண்ணையெல்லாம் அந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போனது அவளுக்கும் தெரியும்.

"எனக்கு ஏன் மரம்னு சொன்னீங்க?"

"ஆத்தோரம்னா, மழை பேஞ்சா நீ அங்க ஓடிருவ."

கோபத்தைத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. ஆறு பெருகும் நாட்களில் இவன் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவான். எங்கே என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்காவது போய்ப் பேச ஒரு செடி இருந்தது.

"புள்ள யாரு கையில இருந்துச்சு?"

"என் கையிலதான். கடைசி வரைக்கும்."

அவள் குனிந்து பைப்பை மூடினாள். ஈரப்படியில் உட்கார்ந்து, அவனுக்கும் இடம் விட்டாள்.

"சொல்லுங்க," என்றாள். "வாசல விட்டு எறங்குனதுலேருந்து சொல்லுங்க."