நாற்பத்திரண்டு நிமிடங்கள்

"கீறினது நான்தான்னா, இனிமே நான் அதைக் கேக்கவே கூடாதா சார்?" என்று பதினோரு வயதில் க்ளெனிஸ் கேட்டாள்.

நகர நூலகத்தில் இசைத்தட்டும் இரவல் தருவார்கள். திரும்பி வரும் ஒவ்வொரு தட்டையும் நூலகர் இட்வல் ரீஸ் விளக்கடியில் சாய்த்துப் பார்த்து, புதுக் கீறல் இருந்தால் தேதியோடு அட்டையில் குறிப்பார். குறித்தால் இரவல் உரிமை போச்சு. அவள் கீறிக் கொண்டுவந்த தட்டின் ராக் இசையைத் தகரக் கூரையில் விழும் ஆலங்கட்டி மழை என்று பழிக்கும் தேவாலயப் பாடகர் அவர். அழுதுகொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார். 'கீறல் உண்டு' என்று எழுதினார். பொய் எழுதவில்லை, தேதியை மட்டும் எழுதவில்லை; தேதியில்லாத கீறல் பழைய கீறலாகிவிடும். இரக்கம் நுழைய அந்தச் சிறு இடம் போதுமாயிருந்தது.

'உப்புக் காற்று' என்ற அந்தத் தட்டை அவள் கணக்கில்லாமல் இரவல் வாங்கினாள். மூன்றாம் பாட்டு கீறலில் ஒரு வரி தாவும். பாட்டே அப்படித்தான் என்று மனத்தில் பதிந்துவிட்டது. பின்னாளில் உள்ளூர் வானொலியில் அறிவிப்பாளராகி அதன் புதுப் பிரதியைப் போட்டவள், அது தாவாமல் ஓடியதும் பதறி நிறுத்தி, தட்டில் கோளாறு என்று நேயர்களிடம் மன்னிப்புக் கேட்டாள். ஒலிப்பதிவாளர் ஹியூ ஒரு வாரம் சிரித்தான்.

நாற்பத்திரண்டு நிமிடம் ஓடும் அந்த முழுத் தட்டையும் ஒலிபரப்ப நிலையத்தாரிடம் இருபத்தாறு ஆண்டுகள் கெஞ்சினாள். ஓய்வு பெறும் நாளில்தான் கடைசி ஒரு மணி நேரம் கிடைத்தது.

அன்று காலை மைர் என்றொரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். அப்பா மருத்துவமனையில் இருக்கிறார், இன்றோ நாளையோ என்கிறார்கள், காது மட்டும் கேட்கிறது, அவர் பாடிய தேவாலயப் பாடகர் குழுவின் ஒரு பாட்டைப் போட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்பா பேரு?"

"இட்வல் ரீஸ். நூலகத்துல வேலை பார்த்தாரு. ஒரு பாட்டு போதும்மா."

க்ளெனிஸ் வானொலியைக் கட்டில் பக்கத்திலேயே வைக்கச் சொன்னாள்.

நிலையத்துக் கிடங்கில் அந்தக் குழுவின் பழைய தட்டு இருந்தது. தன் நேரம் வந்ததும் அதைப் போட்டாள்; முதல் பாட்டு முடிந்தும் அவள் அதை எடுக்கவில்லை.

"கிறுக்கா உனக்கு, க்ளென்? இன்னைக்கு விட்டா உன் தட்டுக்கு அப்புறம் ஏது நேரம்?" என்றான் ஹியூ.

"நல்லாத்தானே பாடுறாங்க. போய் டீ போடு."

அவன் தலையில் அடித்துக்கொண்டு போனான். யாருமில்லாத அறையில், 'உப்புக் காற்று'க்கென்று வைத்திருந்த நாற்பத்திரண்டு நிமிடங்களில் மிச்சமிருந்ததையும் அவருக்கே கொடுக்க, அவள் பாடகர் குழுவின் தட்டை மறுபக்கம் திருப்பி ஊசியை மெல்ல இறக்கினாள்.