இரும்புக்கடைக்காரர் மிதக்கிறார்

“பாத்தீங்களா? கையக் கால அசைக்கவே மாட்டாரு. அப்படியே கெடப்பாரு,” என்று அவள் குடைக்காரரிடம் கடலைக் காட்டினாள்.

கடற்கரையில் குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடுபவர் அவர். நாற்காலியில் ஒட்டியிருந்த மணலைத் துணியால் தட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். சின்ன வளைகுடா, அலை என்பது பேருக்குத்தான். குளிப்பவர்கள் தாண்டக் கூடாத எல்லைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், விடுதியில் கொடுத்த ஆரஞ்சு மிதவைச் சட்டையும் தொப்பையுமாக அவள் கணவர் மல்லாந்து கிடந்தார்.

“இரும்புக்கடை வச்சிருந்தாருன்னு சொன்னீங்க. இரும்பு வித்தவரு இந்த மிதப்பு மிதக்கறாரே!”

“மிதக்கறது சட்டைங்க. இவரு சும்மா உள்ள இருக்காரு.”

இருவரும் சிரித்தார்கள். வெளியே கேலி செய்தாலும் அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஆயுசு முழுக்கக் கடையில் கால் கடுக்க நின்ற மனிதர். ஞாயிற்றுக்கிழமைகூட ஷட்டரைப் பாதி ஏற்றி வைத்திருப்பார், யாராவது ஆணி கேட்டு வந்துவிட்டால் என்ன செய்வது என்று. மகள்தான் வம்படியாக இங்கே அறை போட்டுக் கொடுத்து, “ஒரு வாரம் ஒரு வேலையும் செய்யாதீங்கப்பா” என்று பஸ் ஏற்றிவிட்டாள். வந்த அன்று முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தார். அறைக்கதவின் கீல் கிறீச்சிடுகிறது என்று அதைக் கழற்றிப் பூட்டினார். மறுநாள் தண்ணீரில் மல்லாந்தவர்தான், சாப்பிடக் கூப்பிட்டால்கூட வருவதில்லை.

இப்போது அவர் ஒரு கையைத் தூக்கினார். அவள் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி ஆட்டினாள். குடைக்காரரும் தன் பங்குக்குத் துணியை ஆட்டினார். கை மெல்லத் தண்ணீருக்குள் போயிற்று.

“மனுஷன் இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்லைங்க,” என்றாள்.

பேச்சு அப்புறம் பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி என்று எங்கெங்கோ போனது. நீரோட்டம் அவரை எல்லைக் கயிற்றின் பக்கம் கொண்டுபோனது. கயிற்றில் கோத்திருந்த பிளாஸ்டிக் பந்தில் அவர் தலை முட்டியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் முட்டியது.

குடைக்காரர் துணியைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினார். அவளுக்கு அப்போதும் உறைக்கவில்லை. “என்னங்க, விளையாடாதீங்க, பாவம் அவரு ஓடி வர்றாரு!” என்று கரையிலிருந்தே அதட்டினாள்.

மகள் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி டாக்டர் வாசலில் நின்றபடியே சொன்னார். மாரடைப்பு. தண்ணீரிலேயே நடந்திருக்கிறது.

“உடனே தூக்கியிருந்தா?” என்று மகள் கேட்டாள்.

“சொல்ல முடியாதும்மா. சில பேருக்குக் கொஞ்சம் நேரம் கெடைக்கும். சில பேருக்கு அதுவும் கெடைக்காது.”

அம்மாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

தாழ்வாரத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். யாரோ கொடுத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்தக் கை மட்டுமே கண்ணுக்குள் நின்றது. கல்யாணமான நாளிலிருந்து தெருமுனையில் நின்றுகூட இவளுக்குக் கையசைக்காத மனிதர். நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கூசுகிறவர். அவரா கடலில் படுத்துக்கொண்டு கையசைப்பார்? இது அப்போது ஏன் தோன்றவில்லை? இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாமல் போயிற்றே.

“நாந்தாம்மா கொன்னுட்டேன்,” என்றாள் மகள். அவள் இன்னும் அழவில்லை. வந்ததிலிருந்து கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். “அவரு பாட்டுக்குக் கடையில இருந்திருப்பாரு. போங்க போங்கன்னு பிடிச்சுத் தள்ளினது நாந்தான்.”

“அய்யோ, நீ இல்லடி. நீ என்ன பண்ணினே? நான்...”

சொல்ல வாயெடுத்தபோதுதான் குடைக்காரர் வந்தார். சட்டை மாற்றியிருந்தார். கரையில் கிடந்த செருப்பையும் கண்ணாடியையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். மகள் சட்டென்று எழுந்தாள்.

“அண்ணே, நீங்கதான பக்கத்துல இருந்தீங்க? அப்பா கூப்பிட்டாரா? கையக் கிய்யத் தூக்கினாரா?”

குடைக்காரர் அம்மாவைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். வேண்டாம் என்கிற மாதிரி அவர் முகம் கெஞ்சியது.

“இல்லம்மா. ஒண்ணுமே பண்ணல. தூக்கத்துல போன மாதிரிதான். நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டுதான இருந்தோம்.” பையை பெஞ்சில் வைத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டார்.

“அப்ப அப்பா கஷ்டப்படல. இல்லம்மா?”

மகள் அம்மாவின் வாயையே பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்ணும் இனி ஆயுசுக்கும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சொல்லாவிட்டால் தான் மட்டும் பார்க்கவேண்டும். அம்மா ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மகள் பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்து, அம்மா மடியில் முகத்தைப் புதைத்து, வந்ததிலிருந்து முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொடுக்க அம்மா கையைத் தூக்கினாள். தூக்கிய கை இறங்க மாட்டேன் என்றது. அதைப் பார்த்தபடியே இருந்தாள்.

வேகமாகக் கடந்துபோன நர்ஸ் நின்று, திரும்பி ஓடி வந்து கேட்டாள்: “கூப்பிட்டீங்களாம்மா?”