புத்தகத்தில் இல்லாத வரி

ஒலிப்பதிவுக்காரனுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. நூலகத்து மாடியறையில் இருபது பேர் இருப்பார்கள். ஒரு பழைய காதல் நாவல், அதிலிருந்து வந்த இரண்டு சினிமா, ஒரு வெப் சீரிஸ். எது ஒசத்தி என்று பேச வேண்டும். பேச ஒப்புக்கொண்டிருந்தவள் அவன் மனைவி. அவள் இறந்துபோய் நாலு மாதம் ஆகிறது. "அவ சொல்ல வேண்டியதை நான் சொல்றேன்" என்று வாயை விட்டுவிட்டான். அவளுக்காகச் செய்ய மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

டப்பிங் ஸ்டுடியோவில் காதால் பிழைக்கிறவன். புத்தகம் என்றாலே கொட்டாவி. அந்த நாவலையும் அவள்தான் வாசித்துக் காட்டினாள். சாயங்காலம் அவன் துணி தேய்ப்பான். அவள் கட்டிலில் சம்மணம் போட்டு ஓர் அத்தியாயம் வாசிப்பாள். பேச்சுக்காக இப்போது படங்களை மறுபடி பார்த்தான். புத்தகத்தைத் தொடவில்லை. திறந்தால் வேறு குரல் கேட்டுவிடுமோ என்று பயம்.

எழுந்தான்.

"கதையில அந்தப் பொண்ணு காய்ச்சல்ல போயிடறா. முதல் படத்துல அவளைப் பிழைக்க வச்சு டூயட் பாட விட்டுட்டாங்க. ரெண்டாவதுல அவனும் கடல்ல இறங்கிடறான். சீரிஸ்ல அவ சாகவே இல்ல. வேற ஊருக்கு வேலைக்குப் போறா, ரெண்டு பேரும் வீடியோ கால்ல அழுதுக்கறாங்க."

சிரித்தார்கள்.

"நாவல் மட்டும்தான் உண்மையைச் சொல்லுது. அவ போனப்புறம் அவன் கதவைச் சாத்திக்கிட்டுக் கிடக்கான். ஒரு நாள், 'அவனுக்குப் பசித்தது. வெட்கப்படாமல் சாப்பிட்டான்.' அதோட முடிஞ்சது. எந்தப் படத்துக்கும் அந்தத் தைரியம் வரல."

நூலகர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"தம்பி, இதுல அப்படி இல்லையே. அவ அறையைப் பூட்டிச் சாவியைக் கிணத்துல போட்டுட்டு, சாகிற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருக்கான்."

"பழைய பதிப்பைப் பாருங்க."

பழைய பதிப்பு பின்வரிசையில் இருந்த ஒரு பல் டாக்டரிடம் இருந்தது. "இதுலயும் சாவிதான் சார். சாப்பாட்டுப் பேச்சே இல்ல."

பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தான். இல்லை. "மன்னிச்சுக்குங்க" என்றவன் விறுவிறுவென்று படியிறங்கினான்.

கூட வந்திருந்த மனைவியின் தம்பி பின்னாலேயே ஓடி வந்தான். "அத்தான், நில்லுங்க."

"உங்க அக்கா என்னை நல்லா ஏமாத்தியிருக்கா."

"உங்களை மட்டுமா? காலேஜ்ல ஒருத்தி என்னைக் கழட்டி விட்டப்போ எனக்கும் இதைத்தான் வாசிச்சா. என் கதையில அவன் தாடியை எடுத்துட்டு இன்டர்வியூக்குப் போனான்."

அவன் சிரிக்கவில்லை. சிக்னலைப் பார்க்காமல் தெருவைக் கடந்தான். ஒன்று உறுத்தியது. கடைசி அத்தியாயம் வாசித்த அன்று அந்த வரியைக் கேட்டு வாயைப் பிளந்து நின்றதில், புது வெள்ளைச் சட்டையின் காலரைப் பொசுக்கிவிட்டான். அவனுக்குத் தெரிந்து அப்போது அவளுக்கு ஒரு தலைவலிகூட இல்லை.

"உங்க அக்கா எனக்குக் கொண்டு வந்த அந்த வெள்ளைச் சட்டை எப்போ வாங்கினது?"

மச்சினன் நின்றுவிட்டான். "இப்போ எதுக்கு அத்தான்?"

"சொல்லு."

"ஆஸ்பத்திரியில ரிப்போர்ட் வாங்கிட்டு வர்ற வழியில. என்னைத்தான் கூட்டிட்டுப் போனா. உங்ககிட்ட அவளே சொல்லிக்கறேன்னா. கவரைக் கையில வச்சுக்கிட்டே துணிக்கடைக்குள்ள போனா."

பஸ் நிறுத்தம் வரை போனான். திரும்பி வந்தான். மறுபடி போனான்.

"நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படின்னு?"

எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. உள்ளே போய் உட்கார்ந்தான். வைத்ததை வாயில் போட்டான், யாரோடோ சண்டை போடுகிற மாதிரி. வெட்கமாகத்தான் இருந்தது. 'வெட்கப்படாமல்' என்ற அந்த இடத்தில் மட்டும் அவள் பொய் சொல்லியிருந்தாள்.

மச்சினன் தண்ணீரை நகர்த்தி வைத்தான். "மெதுவா, அத்தான்."

"இன்னொரு தட்டு சொல்லு" என்றான்.