மூடியளவு தரை

எங்கள் ஊரில் நூற்றிருபது மீட்டர் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. அதில் வான்வரம்பு அலுவலர் நஞ்சப்பன் உட்கார்ந்திருப்பார். மாதிரி விமானங்களும் ட்ரோன்களும் அவர் செருப்புக்குக் கீழேதான் பறக்க வேண்டும். மேலே பெரிய விமானங்களின் இடம். மீறியதை எட்டிப் பிடித்து, மடியில் வைத்து, இறக்கைகளை அறுத்துக் கீழே போடுவார். அதற்கான ரம்பம் நாற்காலியின் கையில் மாட்டியிருக்கிறது.

கல்யாண ட்ரோன்களுக்கு இது பொருட்டில்லை. பந்தியைப் படம் பிடிக்க அவ்வளவு உயரம் எதற்கு? என் விமானத்துக்கு எஞ்சின் கிடையாது; திருப்புவதற்கு ஒரு ரிமோட் மட்டும். தக்கை போல் எடையில்லாத பால்சா மரத்தில் நானே இழைத்தது. நூற்பாலைக் கூரையிலிருந்து எழும் வெப்பக்காற்றில் ஏறி மிதக்க வேண்டியது. அந்தக் காற்று திரண்டு வலுப்பெறுவது நஞ்சப்பனுக்கு மேலேதான். அவருக்குக் கீழே என் விமானம் பறப்பதில்லை. மரியாதையாக விழுகிறது, அவ்வளவுதான். முன்பே எச்சரித்துவிட்டார். அடுத்த முறை ரம்பம் என்றார்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். சட்டத்தை அடிக்குறிப்புகளோடு படிக்கும் பழக்கம் உண்டு. விமானத்துக்கு நேர் கீழே இருக்கும் தரையிலிருந்து உயரத்தை அளக்க வேண்டும் என்று அதில் இருந்தது. எந்தத் தரை என்று இல்லை. முறுக்கு டப்பாவின் மூடியில் செம்மண் நிரப்பி, புல் விதைத்து, விமானத்துக்கு ஒரு சாண் கீழே நூலில் கட்டித் தொங்கவிட்டேன். புல் வேர் பிடித்ததும் பறக்கவிட்டேன்.

நாற்காலியைத் தாண்டும்போது நஞ்சப்பன் வாலைப் பிடித்தார். அங்கே பேசுவது கீழே நன்றாகக் கேட்கும்.

“என்னங்க டீச்சர் இது?”

“தரைங்க. ஒரு சாண் உயரத்துலதான் பறக்குது. அளந்து பாருங்க.”

டேப்பை எடுத்து அளந்தார். ஒரு சாண்தான்.

“டப்பா மூடியில மண்ணைப் போட்டா அது பூந்தொட்டிங்க. தரைன்னா மூலைக்கு மூலை சர்வே கல் இருக்கோணும்.” ரம்பத்தைக் கையில் எடுத்தார்.

நான் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை.

“மூடி வட்டமுங்க. வட்டத்துக்கு ஏது மூலை? நட வேண்டிய கல்லெல்லாம் நட்டாச்சு.”

விளிம்பை ஒரு சுற்று தடவிப் பார்த்தார். நடாமல் விட்ட கல் ஒன்றுகூட இல்லை. ரம்பத்தை மாட்டிவிட்டு வாலை விட்டார். விமானம் வெப்பக்காற்றைப் பிடித்து அவர் தலைக்கு மேலே வெகுதூரம் ஏறி, அங்கேயே வட்டமிட்டது.

அவர் அண்ணாந்து பார்த்தார். “தரை அங்க இருக்குதுன்னா, நான் உக்காந்திருக்கறது?”

“தரைக்கு அடியிலங்க. நூறடி இருக்கும்.”

தரைக்கு அடியில் நடப்பது தன் துறை இல்லை என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.

தரை என்று ஆனபின் தண்ணீருக்கு வழி செய்யாமல் இருக்க முடியாது. மறுநாள் போர்வெல் லாரியை வரச்சொன்னேன். மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த மூடியின் மேல் நிறுத்தித் துளை போட்டார்கள். நஞ்சப்பன் நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டார். நூறடியில் தண்ணீர் வந்தது. முதல் சொம்பை அவர்தான் குடித்தார். கொஞ்சம் உப்பு என்றார்.