ப்ளெஸ் கழுத்து மணி

சவப்பெட்டியைச் சறுக்குவண்டியில் ஏற்றிக் கயிறும் கட்டியாயிற்று. குதிரைதான் நகரவில்லை.

"நட ப்ளெஸ்." கடிவாளத்தை இழுத்தான் டிர்க், செத்துப்போன யோரிஸின் தம்பி. கால்விரல்களைப் பனி தின்றுவிட்டதால் ஊன்றுகோலோடு நின்றான்.

"இதுவும் இங்கிலாந்து ராஜா கட்சிக்குப் போயிடுச்சு போல," என்றான் பின்னால் ஒருவன். சிரிப்பை யாரோ இருமலாக்கினார்கள்.

மாரித்யே கணவனின் பெட்டியைப் பார்க்கவில்லை. மேலங்கிப் பைக்குள் அவள் விரல்கள் இறுகின.

மணிச்சத்தத்திலேயே வளர்ந்த குதிரை. அந்தச் சத்தம் கேட்காமல் ஓரடி வைக்காது.

சில நாட்களுக்கு முன், இரவில் உறைந்த கடல்வழியே ஸ்டேட்டன் தீவுக்குப் போய், ராஜாவின் சிவப்புச் சட்டைச் சிப்பாய்களைத் தூக்கத்திலேயே மடக்கத் திட்டம். வண்டிக்காரர்களுக்கு ஒரே உத்தரவு: மணி கூடாது. யோரிஸ் ப்ளெஸ்ஸின் மணிகள் எல்லாவற்றையும் கழற்றினான். வண்டி கிளம்பாவிட்டால் அவனைக் கோழை என்பார்களே என்று பயந்தாள் மாரித்யே. ஒரே ஒரு மணியைக் கம்பளித்துணியில் சுற்றிக் கழுத்துப்பட்டைக்குள் தைத்தாள். குதிரைக்கு மட்டும் கேட்கட்டும்.

துணி கிழிந்து திரும்பியது. யோரிஸ் வயிற்றில் குண்டோடு திரும்பினான். தீவில் எல்லோரும் துப்பாக்கியோடு விழித்திருந்தார்களாம்.

இரண்டு நாள் கிடந்தான். கடைசியாகச் சொன்னது இதுதான்: "பட்டையப் பிரிச்சிடு. டிர்க் பாக்கறதுக்குள்ள."

இப்போது மாவு ஆலைக்காரர் ஹார்மன், படையை நடத்திய கேப்டனின் காவலில் இருந்தார். மகளைத் தீவில் கட்டிக் கொடுத்திருந்தார். துப்புக் கொடுத்தது வேறு யாராக இருக்க முடியும்?

"என் குதிரையப் பூட்டுங்க," என்றார் கேப்டன். "நாளைக்கு அந்த ஆலைக்காரனத் தொங்கவிட்டாத்தாம்மா உன் புருஷன் ஆத்மா அடங்கும்."

டிர்க் வாரை அவிழ்க்கக் குனிந்தான்.

"வேண்டாம் டிர்க்."

"நேரமாகுது அண்ணி."

அவள் பையிலிருந்து மணியை எடுத்தாள். கழுத்துப்பட்டையில் கட்டினாள்.

ப்ளெஸ் ஓரடி வைத்தது. மணி ஒலித்தது.

தீவுக்குப் போன இரவு முழுக்கப் பனிக்கட்டி மேல் அந்தச் சத்தத்தைக் கேட்டவன் டிர்க். ஏதோ வண்டி இரும்பு என்று நினைத்திருந்தான். அண்ணியைப் பார்த்தான். பிறகு தன் கால்களைப் பார்த்தான்.

"ஆலைக்காரர விட்டுடுங்க," என்றாள் மாரித்யே, கேப்டனிடம்.

அவர் கழற்றிய தொப்பியைக் கையில் வைத்தபடியே நின்றார்.

வண்டி சரிவில் இறங்கியது. மணியோசைக்குப் பின்னால் அவள் மட்டும் நடந்தாள். வெகுதூரம் போனபிறகு, பனியில் ஊன்றுகோல் குத்தும் சத்தம் பின்னால் கேட்டது.